ஹுன்னஸ்கிரியப் புல்

மூன்று வருடமாக அந்தப் புல் பூக்கவில்லை.

ஏன் என்று கஜலட்சுமிக்குத் தெரியவில்லை. பேராதனையில், உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதிப் பாதுகாக்கும் பிரிவில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. புல் என்றால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

இலையைப் பார்த்துப் புல்லுக்குப் பெயர் சொல்ல முடியாது. இலைகள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அரிசியளவுகூட இல்லாத பூவைப் பிரித்து, உமியில் எத்தனை நரம்பு, முனையில் மயிர் உண்டா என்று லென்ஸில் பார்த்தால்தான் இன்ன புல் என்று தெரியும்.

இது ஹுன்னஸ்கிரிய என்ற மலையூரில் பாதையோரச் சரிவொன்றில் கிடைத்தது. எந்த அட்டையோடும் இது முழுசாகப் பொருந்தவில்லை. அடுத்த மாதமே பாதையை அகலமாக்கச் சரிவை வெட்டிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்து மிச்சமிருப்பது, பிலிமத்தலாவையில் அவள் வீட்டுப் பின்சுவரோரம் இருக்கும் இந்த ஒரு தொட்டி.

பூத்தால் பெயர் கிடைக்கும். விதை விழுந்தால் இன்னொரு சரிவில் நடலாம். பூக்காவிட்டால் கிழடு தட்டி, பெயரில்லாமலே போய்விடும்.

உரத்தைக் குறைத்தாள். தண்ணீரை நிறுத்திக் காயவிட்டாள். சில புற்கள் பகலின் நீளம் பார்த்துத்தான் பூக்கும் என்பதால், மாலை ஐந்து மணிக்கே பெரிய வாளியைக் கவிழ்த்து இருட்டாக்கினாள். சில நுனிகள் அறுந்திருந்தன. வெட்டுக்கிளி என்று குறித்துக்கொண்டு வேப்பெண்ணெய் தெளித்தாள்.

புல் அடர்ந்தது. மேலே சீவிவிட்டது போல மட்டமாக நின்றது. பூ மட்டும் இல்லை.

மாமியார் சுப்பம்மா முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தொட்டி வந்த புதிதில் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்.

"இது என்னா புல்லு தாயி, கைப்புள்ளயப் பாக்குற மாதிரி பாக்குற?"

"சொன்னா உங்களுக்கு வெளங்காது மாமி."

"எனக்கா புல்லு வெளங்காது? சரி, இது படிச்ச புல்லு போல."

சிரித்துவிட்டு எழுந்து போனார். இதையே மாணவர்கள் கேட்டால் கஜலட்சுமி படம் வரைந்து அரை மணி நேரம் சொல்வாள்.

இன்று காலையில் தொட்டியில் ஏழு கதிர்கள் நின்றன. மெல்லிய ஊதா நிறம்.

அதே மண். அதே தண்ணீர். அதே வெயில். எது மாறியது?

கணவன் யோகராஜ், அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றிய பிளாஸ்கோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தவன், குனிந்து பார்த்தான்.

"கிள்ள ஆளில்லாம கண்டபடி வளந்திருச்சு," என்றான். "நீ எழும்புறதுக்கு முந்தி அம்மாதான் மட்டம் பாத்துக் கிள்ளும். ஒனக்குத் தெரியாதா? நுனியக் கிள்ளுனாத்தான் அடந்து வரும், மருமக ஆசையா வளக்குதுன்னு சொல்லும்."

கஜலட்சுமி ஒரு கதிரின் உறையை விரலால் நீவிப் பார்த்தாள்.

புல்லின் கதிர் திடீரென்று முளைப்பதில்லை. கடைசி இலையின் உறைக்குள் ஒளிந்தபடி தண்டோடு மேலே ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு குருத்துதான். கொழுந்து எடுத்துப் பழகிய விரலுக்கு அது கிள்ள வேண்டிய குருத்து. மூன்று வருடத்துக் கதிர்களும் அந்த விரலிடுக்கில் போயிருக்கின்றன.

ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். வித்துக்கென்று விட்ட தேயிலையில் கை வைக்கக் கூடாது என்பது மாமிக்குத் தெரியாததா?

"பூத்திருச்சுன்னு அம்மாகிட்ட வந்து சொல்லு. சந்தோசப்படும்," என்றான் யோகராஜ்.

எப்படிச் சொல்வது? இத்தனை நாள் பூக்காதது இப்போது ஏன் பூத்தது என்று மாமி கேட்பார். பேச்சு வராவிட்டாலும் கண்ணால் கேட்பார். ஆறு வாரத்துக்கு முன் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அந்த வலது கை போர்வைக்கு மேல் அசையாமல் கிடக்கிறது.

அவள் குறிப்புக் கொப்பியைத் திறந்தாள். பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டாள். வளர்க்கும் முறை என்ற இடத்தில் எழுதினாள்:

'ஆறு வாரம் யாரும் நுனியைக் கிள்ளாமல் விட்டால் பூக்கும்.'