ஐந்து வாரம்

"ரெண்டு வழி இருக்கு. ரெண்டுலயும் பலன் ஒண்ணுதான். எது வேணும்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார் டாக்டர்.

ஜெராக்ஸ் அக்கா தலையாட்டினாள். கடைத்தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். இருபது வருடமாக ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவள், போன வாரம் தன்னுடையதையே மூன்று செட் எடுத்தாள்.

இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய். ஆரம்பக் கட்டம்தான்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

மார்பை முழுதாக எடுத்துவிட்டால் நாலைந்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். அவளுக்கு இருக்கிற நிலையில் அதன்பிறகு கதிர்வீச்சு தேவைப்படாது.

கட்டியை மட்டும் எடுத்தால் மார்பு தங்கும். ஆனால் காயம் ஆறியதும் கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம். அதற்கான இயந்திரம் இங்கே இல்லை. நாலு மணி நேரப் பயணம். அங்கேயே விடுதியில் தங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதுவரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மருமகள். பேரனின் இருமல் மருந்தைக் காணோமாம். பிரிட்ஜுக்கு மேலே, நீல மூடி போட்டது என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க அண்ணி. இந்த வயசுல அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார்.

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் இஷ்டம்" என்றார்.

திரைச்சீலை என்ன நிறம் என்பதிலிருந்து, படுத்த படுக்கையாகிவிட்ட அவருடைய அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்பது வரை, முப்பது வருடமாக அவரிடம் இருந்த ஒரே பதில் அது. அந்தப் பதில் வந்தால், வேலை அவள் தலையில் என்று அர்த்தம்.

மறுபடி போன். இந்த முறை மகன். தண்ணீர் மோட்டாருக்கு எந்த சுவிட்ச்? அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவன். சொன்னாள்.

"அவசரமே இல்லம்மா. ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க" என்றார் டாக்டர்.

"யோசிச்சுட்டேன். கட்டிய மட்டும் எடுத்துடுங்க."

நாத்தனார் சட்டென்று திரும்பினாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் தன் மனைவிக்கு உடம்பின் மேல் இப்படி ஓர் ஆசை மிச்சமிருக்கும் என்று அந்த மனிதர் நினைத்தே பார்த்ததில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் தோளிலிருந்த கைப்பையை அவராகவே வாங்கி மாட்டிக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை.

அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். விளக்கம் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

விடுதிக்கு இங்கேயே பதிவு செய்யலாம் என்றார்கள். அவர்கள் இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் ஜன்னலுக்குப் போனாள்.

உள்ளே இருந்த குமாஸ்தாப் பெண் விதிகளைப் படித்தாள். ஆளுக்கு ஓர் அறை, ஒரு கட்டில். மூன்று வேளைச் சாப்பாடும் கதவுக்கே வந்துவிடும். துணைக்கு யாரும் தங்க அனுமதியில்லை.

ஜெராக்ஸ் அக்காவின் கண் கலங்கியதைப் பார்த்து அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கவலப்படாதீங்கம்மா. சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பி எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவாங்க."

ஜெராக்ஸ் அக்கா ஒருமுறை திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"போகாம இருக்கலாமா?"