மட்டச் சரக்கு

“யாபா, இன்னும் எத்தனை தடவை இதைத் தூக்கிட்டு வெயிலுக்கும் நிழலுக்கும் அலையப் போறீங்க?”

ஹதீல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவளுடைய அப்பா அபூ நிதால் இரண்டு சிறிய மடிக்கணினிகளையும் ஏந்திக்கொண்டு மறுபடியும் கடையிலிருந்து நடைபாதைக்கு இறங்கிவிட்டார்.

அம்மான் நகரத்துக் குடும்ப நீதிமன்றத்தின் எதிரே, குடை நட்டு, மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். ஞாயிறு முதல் கையால் எழுதிய மனுவை வாங்கமாட்டோம் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். இன்று வியாழன்; நாளையும் மறுநாளும் அங்கே வார விடுமுறை. இன்றைக்கு ஒரு மடிக்கணினியை வாங்காவிட்டால் ஞாயிறன்று அந்த மேசைக்கு வேலை இல்லை.

“பொண்ணு பார்க்கப் போறவன்கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டான்,” என்றார் கடைக்காரர் முகன்னத். “அபூ நிதால், அந்த வெள்ளி நிறத்தை எடுங்க. உச்சி வெயில்லயும் எழுத்து பளிச்சுனு தெரியும். உங்களை மாதிரி வெளியில உக்கார்றவங்களுக்குன்னே செஞ்சது.”

“கறுப்பு?”

“அது ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில வெச்சுக்கறது. வெயில்ல வெச்சா கண்ணு வலிதான் மிச்சம்.”

இதற்குள் யோசனை சொல்ல நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். முதல் ஆளாக நின்றவர் கடிகாரக் கடை ஹிக்மத். தன் கடையில் இருக்கும் நேரத்தைவிட அபூ நிதாலின் மேசையருகே நிற்கும் நேரம் அவருக்கு அதிகம்.

“வெள்ளியை எடும் ஐயா! இதுக்கு ஒரு யோசனையா?” என்றார் ஹிக்மத்.

அபூ நிதால் இரண்டையும் நடைபாதையோரக் குட்டைச் சுவரின்மேல் திறந்து வைத்தார்.

“ஹதீல், என் தோள் பக்கம் வந்து நில்லு. வெள்ளியில என்ன தெரியுது?”

“எல்லாம் தெரியுது.”

“இன்னும் தள்ளி நில்லு.”

“தெரியுது யாபா. எழுத்து எழுத்தா வாசிக்கலாம்.”

“பார்த்தீங்களா!” முகன்னத் மார்பைத் தட்டினார். “எந்த மூலையில நின்னாலும் தெரியும்!”

அபூ நிதாலின் முகம் சுருங்கியது.

“கறுப்புல?”

“அதுல என்ன இருக்கு? ஒரே இருட்டு. நேரா வந்து நின்னாத்தான் ஏதோ கொஞ்சம் தெரியுது.”

“சரி. கறுப்பையே கொடுங்க முகன்னத்.”

ஹதீலுக்குக் கோபம் தலைக்கேறியது. “காசு நான் தர்றேன்னு சொல்லியாச்சு. அப்புறம் ஏன் விலை குறைஞ்சதைப் பார்க்கறீங்க?”

“விலைக்கில்ல. கைக்கு அடக்கமா இருக்கு.”

“ரெண்டும் ஒரே அளவு!”

“கறுப்புன்னா... அழுக்குத் தெரியாது.”

“அழுக்கைப் பத்தி நீங்க பேசாதீங்க! இந்த இடது கைச் சட்டையைப் பாருங்க, மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் மை. பரீட்சையில பக்கத்து பெஞ்சுக்காரன் பார்த்து எழுதிடுவான்னு பயந்த பையன் மாதிரி, தாள் மேலேயே படுத்துக்கிட்டு எழுதறீங்க. துவைக்கிறவ நான்!”

கூட்டம் சிரித்தது. அபூ நிதால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹிக்மத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“மட்டச் சரக்கு,” என்று தீர்ப்பளித்துவிட்டு நடந்தார் ஹிக்மத்.

ஞாயிறன்று காலை, ஹதீல் ஒரு பையோடு நீதிமன்றத்துக்கு வந்தாள். பைக்குள் அந்த வெள்ளி நிற மடிக்கணினி. எப்படியோ பேசி, மாற்றித் தர முகன்னத்தைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அப்பா மறுத்தால் பிடுங்கியாவது மாற்றிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் வந்தாள்.

குடைக்கடியில் அபூ நிதால் மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து முக்காலியில் ஓர் இளம்பெண் அவர் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இதைப் பார்த்ததும் ஹதீலின் கோபம் இன்னும் ஏறியது.

எழுதியதைப் படித்துப் பார்க்கும்படி அவர் திரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார். அதே நொடியில் பக்கவாட்டிலிருந்து ஹிக்மத்தின் கழுத்து நீண்டது. அவள் சட்டென்று உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.

“என்ன அபூ நிதால், ஒரே இருட்டா இருக்கே!” ஹிக்மத் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார். “ஒரு எழுத்துகூடத் தெரியல. நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. நான்தான் கேட்காம ஏமாந்துட்டேன்.”

ஹிக்மத் உச்சுக்கொட்டிக்கொண்டே தன் கடைப் பக்கம் நகர்ந்தார்.

அபூ நிதால் குரலைத் தாழ்த்தினார். “கையை எடுத்துட்டுப் படிம்மா. நேரா உக்கார்ந்திருக்கற உனக்கு மட்டும்தான் தெரியும்.”

அவள் தயங்கித் தயங்கிக் கையை எடுத்தாள். படித்தாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், “என் வீட்டுக்காரர் என்னை அடிச்சதை மட்டும்தான் சொன்னேன்... இன்னொண்ணும் இருக்கு” என்றாள்.

“சொல்லும்மா.”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி, விசைகளின்மேல் விரல்களை வைத்தார்.

ஹதீல் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். அவள் பார்வை அப்பாவின் இடது கைச் சட்டையில், எத்தனை துவைத்தும் போகாத அந்த மைக்கறையில் போய் நின்றது. இத்தனை வருடமும் மனு எழுதும்போதெல்லாம் தாளின்மேல் கவிழ்ந்து கிடந்த கை அது.

இனித் தட்டுவதற்கே இரண்டு கைகளும் வேண்டும். மறைப்பதற்கென்று ஒரு கை மிச்சமில்லை.