சிவப்பு ஐசி

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த ஷாமளா என்கிற பெண், என் மனைவி புஷ்பவள்ளியின் ஐசியை, அந்த அடையாள அட்டையை, திருப்பித் தள்ளினாள்.

“இது சிவப்பு ஐசி தாத்தா. அரசாங்கக் காப்புறுதி நீல ஐசி உள்ள குடிமக்களுக்குத்தான். உங்களுக்குக் கிடைக்கும். பாட்டிக்குக் கிடைக்காது.”

“எனக்கு என்ன நோவு? கல்லு மாதிரி இருக்கேன். நெஞ்சு ஆபரேஷன் அவளுக்குத்தான் லா!”

“கம்ப்யூட்டர் ஏத்துக்காது தாத்தா.”

“இதே மலேசியாவுல, லூனாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. பொறந்தப்ப அவ அப்பன் பதியாம விட்டது இவ குத்தமா? நாப்பது வருசம் பால்மரம் சீவியிருக்கா. இவ குடிமகள் இல்லைன்னா, அந்த மரமா குடிமகன்?”

ஷாமளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “தோட்டம் தோட்டமா வந்து நீல ஐசிக்கு எழுதுனாங்களே தாத்தா. அப்பவே பதிஞ்சிருக்கலாமே?”

நான் வாயைத் திறக்குமுன் புஷ்பவள்ளி முந்திக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்கு யாரும் வரலம்மா. நான் வேலைக்குப் போனாலும், இவரு ராத்திரியில காவலுக்கு நிக்கிற ஜாகா வேலை, பகல்ல வீட்டுலதான் இருப்பாரு. வந்திருந்தா விட்டிருப்பாரா?”

மூச்சு வாங்கியபடி என் கையைப் பிடித்தாள். “வாங்க, போவோம். நீங்க ஏன் கண் கலங்குறீங்க? உங்க மேலயா தப்பு?”

வந்தார்கள். இரண்டு பேர், கையில் விண்ணப்பப் பாரங்களோடு. பெயரை எழுதிக்கொண்டுபோய் எங்களைத் தோட்டத்தைவிட்டுத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, நான்தான் நாயை அவிழ்த்துவிட்டேன்.