தலைகீழ் விருந்து

ஆலமரத்தில் ஒரு வௌவால் புதிதாக உணவகம் திறந்தது. அங்கே நாற்காலி, மேசை எதுவும் கிடையாது. வருகிறவர்கள் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். காடு முழுக்க அதே பேச்சாக இருந்தது.

வாத்தின் பிறந்தநாளன்று அதன் தோழி கொக்கு அதை அங்கே அழைத்துப் போனது. வயிற்றில் இடம் வேண்டுமென்று வாத்து காலையிலிருந்து பட்டினி கிடந்தது.

வாத்தின் கால் கிளையைப் பிடிக்கவில்லை. வௌவால் அதைக் கொடியால் கட்டித் தொங்கவிட்டு, வாயருகே பாயசத்தை நீட்டியது. பாயசம் வாத்தின் மூக்கில் ஏறி, கண்ணில் வழிந்து, தரையில் கொட்டியது.

"அக்கா, ஒரு வாய்கூட இறங்கலையே!"

"இங்கே எப்படிடி இறங்கும்? ஏறத்தான் செய்யணும்," என்றது கொக்கு. அதன் நீண்ட கழுத்தில் ஒரு மீன் பாதிவழியில் நின்றிருந்தது.

"பிறந்தநாளும் அதுவுமா பட்டினியா?" வாத்துக்கு அழுகை வந்தது. அந்தக் கண்ணீரும் நெற்றிப் பக்கமாகவே ஓடியது.

"மெதுவாப் பேசு. பக்கத்துக் கிளையில மயில் குடும்பம் பார்க்குது."

"சாப்பாடு எப்படி?" என்று வௌவால் வந்து கேட்டது.

"பிரமாதம்!" என்றன இரண்டும்.

ஒருவழியாக இறங்கி, தலைசுற்றலோடு வெளியே வந்தன. அங்கே நீண்ட வரிசை நின்றது. "உள்ளே எப்படி இருந்துச்சு?" என்று ஒரு முயல் ஆவலோடு கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று கொக்கு வாயைத் திறந்தது. வாத்து முந்திக்கொண்டது.

"அதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாதுங்க. ஒரு தடவை அனுபவிச்சுத்தான் பார்க்கணும். முக்கியமா, வெறும் வயித்தோட போங்க!"