மஞ்சள் கொடி

"உங்க டீம் தோத்து வெளியே போனா என்ன மாப்பிள்ளை? பிளே-ஆஃப் ஆட்டம் இன்னும் மூணு வாரம் நடக்குமே, வாங்க!" என்று மாமனார் சோபாவில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். மஞ்சள் டீம் தோற்றதும், இனி ஞாயிற்றுக்கிழமை நமக்குத்தான் என்று நிம்மதியாக மூச்சு விட்டிருந்தார். கால்பந்தில் அவருக்கு ஒரு எழவும் தெரியாது. முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது கூடத்துச் சுவரில் பெரிய மஞ்சள் கொடியைப் பார்த்து, பெண்ணின் அப்பாவைக் கவிழ்க்க, "நானும் இந்த டீம்தான் சார்!" என்று ஒரு வார்த்தை விட்டார். அதற்கு நான்கு வருடத் தண்டனை.

"இன்னிக்கு நாம யார் பக்கம்? சிவப்பா, நீலமா?"

"நீலம், மாமா."

"அப்ப நானும் நீலம்!"

இடைவேளையில் மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குத் தப்பினார். இன்று உண்மையை உடைத்துவிடுவது என்று முடிவு.

"அத்தை, மாமாவுக்கு எத்தனை வருஷமா இந்தப் பைத்தியம்?"

"அவருக்கா? அன்னிக்கு சுவத்துல ஓதம் ஏறி ஒரே கறை. நீங்க வர்றீங்களேன்னு பக்கத்து வீட்டுக் கொடியை வாங்கி மாட்டி மறைச்சேன். நீங்க குதிச்ச குதியைப் பார்த்துட்டு, மனுஷன் புத்தகம் வாங்கி ஆட்டத்தையே படிச்சாரு. ‘மாப்பிள்ளைக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்கார்றேன்டி’ன்னு இப்பவும் புலம்பறாரு."

விடுதலை! மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கூடத்துக்கு ஓடினார். "மாமா, ஒரு விஷயம்..."

"முதல்ல இதைப் பிடிங்க!" மாமனார் ஒரு கவரை நீட்டினார். "அடுத்த சீசன் பூரா உங்க மஞ்சள் டீம் ஆட்டத்தை மைதானத்துலயே பார்க்கறோம். நமக்கு ரெண்டு டிக்கெட்!"

நான்கு வருடப் பழக்கத்தில் மாப்பிள்ளையின் வாய் தானாகவே திறந்தது.

"ஆகா! பிரமாதம் மாமா!"