பதினைந்தாவது வீடியோ

அட்லாண்டாவில் தன் அறைச் சுவரில் நீலத் துணி மாட்டி, டெலோரா நடிப்புத் தேர்வுக்காகப் பதினான்கு வீடியோக்கள் எடுத்து அனுப்பியிருந்தாள். எதையும் பதினோரு நொடிக்கு மேல் யாரும் பார்க்கவில்லை என்று அனுப்பும் இணையதளமே காட்டியது. பெயரும் உயரமும் சொல்லி முடிப்பதற்குள் மூடிவிடுகிறார்கள்.

பதினைந்தாவதில் நர்ஸ் வேடம். மகன் இறந்ததைத் தாயிடம் சொல்ல வேண்டும். எதிர் வசனம் படிக்க ஆளில்லாமல் தனியாகவே நடித்தாள். இரண்டு நிமிட வீடியோ. மறுநாள் பார்த்தபோது, நான்கு நிமிடம் பார்த்திருக்கிறார்கள் என்றிருந்தது.

மத்தியானம் ஏஜென்ட் மார்வெட் கூப்பிட்டாள்.

"வேஷம் கிடைச்சிருக்கு கண்ணு. ஆனா உனக்கில்ல. அந்தப் பொண்ணுக்கு."

"எந்தப் பொண்ணு?"

"நீ எழுந்து போனதும் வந்து அதே சீனைப் பண்ணாளே. கேமராவுக்கு முதுகைக் காட்டிட்டே எல்லாரையும் அழ வச்சுட்டா. உன் ரூம்மேட்தானே?"

"இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

பயம் வரவேண்டிய இடத்தில் டெலோராவுக்கு ஆத்திரம்தான் வந்தது. பதினைந்து தடவை முகத்தைக் காட்டி நடித்தவள் இவள்.

"அவளுக்கு கால்ஷீட் இல்லன்னு சொல்லிடு."



"காலையிலயே உன் போன்ல ஒத்துக்கிட்டாளே. நீ கோபப்படுவேன்னும் சொன்னா."