கோணல் யானை

நடுவர் டீச்சர் யானையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஷூ பெட்டியில் உடல், பழைய காலுறையில் தும்பிக்கை, பாட்டில் மூடிகளில் கண்கள்.

மேசை முன் நின்ற சிறுமியின் பின்னால் அவள் அப்பா நின்றிருந்தார். போன வருடம் இதே கைவினைப் போட்டியில், அப்பாவின் கைவேலை என்று சொல்லி மகளை நீக்கிவிட்டார்கள். இந்த முறையும் அப்படி ஆனால் இனிக் கத்திரிக்கோலைத் தொடமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

“யார் செஞ்சது?”

“நான்தான் டீச்சர்.”

“அப்பா கை வைக்கவே இல்லையா?”

“அவருக்கு ஒரு கோடு நேரா வெட்டத் தெரியாது டீச்சர்.”

டீச்சர் அப்பாவை முறைத்தார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து யானையின் ஒரு காது கழன்று விழுந்தது.

டீச்சர் சிரித்துவிட்டார். “கோணல்மாணலா இருந்தாலும் இது பிள்ளை செஞ்சதுதான். உன்னோட போன வருஷக் காகித மயில் கடையில வாங்கின மாதிரி இருந்துச்சு. நம்ப முடியுமா? முதல் பரிசு உனக்குத்தான்.”

வாசலைத் தாண்டியதும் மகள் பரிசுக் கோப்பையை அப்பாவிடம் நீட்டினாள்.

“நீங்க செஞ்சதுக்குக் கிடைச்சது, நீங்களே வச்சுக்குங்கப்பா. நான் செஞ்ச மயிலைத்தான் நம்பாம தூக்கிப் போட்டுட்டாங்களே.”